பக்கத்து வீட்டு வாசலில் பனி தள்ளிக் கொடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ராத்திரி முழுக்கக் கொட்டிய பனி விடியும்போது நின்றிருக்கிறது. உங்கள் வாசலைத் தள்ளி முடித்து நிமிர்ந்தால் எதிர் வீடு கண்ணில் படுகிறது. கதவிலிருந்து தெருவரை ஒரு காலடித் தடம்கூட இல்லை. அந்த வீட்டில் தனியாக இருப்பவருக்கு வயது 75க்கு மேல். பனி அள்ளும் ஷவல் கையில்தான் இருக்கிறது, உடம்பும் சூடேறியிருக்கிறது, போய்க் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். தோன்றினால் போய்விடுங்கள். எதை முதலில் தள்ளுவது, எங்கே கொட்டுவது, எவ்வளவு உப்புப் போடுவது என்று தெரிந்துகொண்டு போனால் இன்னும் நல்லது.

நான் முதன்முதலில் ஒரு பாட்டிக்கு உதவப் போனபோது, டிரைவ்வேயை, அதாவது தெருவிலிருந்து வீட்டுக்குக் கார் வரும் பாதையை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வழித்துத் தள்ளினேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆனால் அவரிடம் கார் கிடையாது. அவருக்கு வேண்டியிருந்தது கதவுக்கு முன்னால் இருந்த மூன்று படியும், அங்கிருந்து தெருவரை ஒரு ஆள் நடக்கும் பாதையும்தான். அவர் காலுக்குக் கட்டுப்போட வரும் நர்ஸ், பனி மூடிய அந்த முதல் படியில் காலை வைக்கலாமா வேண்டாமா என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றதை என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஓடிப்போய்ப் படியைத் தள்ளினேன். அன்றிலிருந்து யாருக்குத் தள்ளப் போனாலும் முதலில் ஒரே கேள்விதான்: இன்றைக்கு இந்த வாசல் வழியாக யார் போகணும், யார் வரணும்?

பனி விழும் முன்பே பேசி வையுங்கள்

குளிர்காலம் தொடங்கும் முன், ஒரு நல்ல நாளாகப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "உங்களுக்கு உதவி வேணுமா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் "அதெல்லாம் வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கிறோமோ என்ற கூச்சம் எல்லோருக்கும் உண்டு. "பனி கொட்டினா என் வாசலைத் தள்ளிட்டு அப்படியே உங்க வாசலையும் தள்ளிடறேன், சரியா?" என்று சொல்லிப் பாருங்கள். ஒப்புக்கொள்வது அவருக்குச் சுலபமாகிவிடும்.

அப்போதே சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தக் கதவை அவர் பயன்படுத்துகிறார்? முன்வாசலை விட்டுப் பக்கவாட்டுக் கதவிலேயே புழங்குபவர்கள் நிறையப் பேர். காலையில் எத்தனை மணிக்கு வெளியே போவார்? வாரத்தில் இந்த நாள் மருத்துவமனை என்று ஏதாவது உண்டா? டயாலிசிஸுக்குப் போகிறவர் ஒரு முறையைத் தள்ளிப்போட முடியாது, அந்த வீட்டுக்குத்தான் முதலிடம். சக்கர நாற்காலியோ வாக்கரோ உண்டா? உண்டென்றால் ஒரு ஷவல் அகலப் பாதை போதாது, குறைந்தது 1 மீட்டர் வேண்டும். வீட்டில் நாய் பூனை உண்டா? டிரைவ்வே கான்கிரீட்டா, தாரா, பதித்த கல்லா, வெறும் சரளையா? எந்த உப்பு, எந்த ஷவல் என்பது இதைப் பொறுத்தது.

பனியை எங்கே கொட்டலாம் என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். புல்தரை என்று நாம் நினைக்கும் இடத்தில் அவர் அருமையாக வளர்க்கும் ரோஜாச் செடி இருக்கும். மண் உறைந்து இறுகும் முன் டிரைவ்வேயின் இரண்டு ஓரத்திலும் நல்ல நிறத்தில் நீளமான குச்சிகளை நட்டு வைத்தால், 40 செ.மீ. பனி கொட்டினாலும் ஓரம் எது என்று தெரியும். இது சின்ன வேலைதான், ஆனால் மண் உறைந்த பிறகு சுத்தியலால் அடித்தாலும் குச்சி இறங்காது.

எவ்வளவு பாரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்

பனி பஞ்சு மாதிரித் தெரிவதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். 6 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம் உள்ள ஒரு டிரைவ்வேயில் 15 செ.மீ. பனி கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 9 கனமீட்டர். காய்ந்த புதுப் பனி கனமீட்டருக்குச் சுமார் 100 கிலோ என்றால், நீங்கள் நகர்த்தப் போவது 900 கிலோ. அதுவே பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி விழுந்த ஈரப் பனி என்றால் கனமீட்டருக்கு 300 கிலோவைத் தொடும், மொத்தம் 2.7 டன். ஒரு காரின் எடையைவிட அதிகம். கையில் ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். உருண்டையாகப் பிடித்துக்கொண்டால் ஈரப் பனி, பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்த பனி. ஈரப் பனி என்றால் பாதி ஷவலுக்கு மேல் அள்ளாதீர்கள்.

இதயத்துக்கும் இது லேசான வேலை இல்லை. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறுகிறது. அதே நேரம் கையாலேயே பெரும் பாரத்தைத் தூக்குகிறோம், தம் பிடித்துத் தூக்கும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. பனியே விழாத நாளுக்கு அடுத்த நாளோடு ஒப்பிட்டால், 20 செ.மீ. பனி கொட்டியதற்கு அடுத்த நாள் ஆண்கள் மாரடைப்போடு மருத்துவமனையில் சேர்வதற்கான வாய்ப்பு 16 சதவீதமும், மாரடைப்பால் இறப்பதற்கான வாய்ப்பு 34 சதவீதமும் கூடியிருந்தது. பனி தள்ளுவதுதான் இதற்குக் காரணமாக இருக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன். இதய நோய் உள்ளவர், உயர் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர், வருடம் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்துவிட்டு 45 வயதைத் தாண்டியவர், இவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அடுத்தவர் வீட்டுப் பனியையும் சேர்த்துத் தள்ளக் கிளம்ப வேண்டாம். உதவ வேறு வழிகள் உண்டு. தெருவில் யார் தள்ளுவது என்று ஆள் சேர்ப்பது, போன் செய்து யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்பது, உப்பு வாங்கிக் கொடுப்பது எல்லாம் உதவிதான்.

நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிரிலும் வியர்வை, தலைசுற்றல், மூச்சு வாங்கி அடங்காதது: இவற்றில் ஒன்று வந்தாலும் ஷவலை அங்கேயே போட்டுவிட்டு அவசர உதவிக்கு அழையுங்கள். "இந்த ஓரம் மட்டும் முடிச்சிடறேன்" என்ற நினைப்பே வேண்டாம்.

கையில் என்ன எடுத்துப் போவது

இரண்டு ஷவல் இருந்தால் நல்லது. தள்ளுவதற்கு அகலமான, வளைந்த முகம் கொண்டது ஒன்று. அள்ளிப் போடச் சின்னது ஒன்று. கைப்பிடி உங்கள் நெஞ்சு உயரத்துக்கு வந்தால் குனிவது குறையும். பதித்த கல்லுக்கும் மரப்படிக்கும் பிளாஸ்டிக் முகம் நல்லது, உலோக விளிம்பு கீறிவிடும். கார் டயருக்கடியில் அமுங்கி இறுகிய பனிக்கு உலோக விளிம்புதான் வேண்டும். ஈரப் பனி ஷவலிலேயே ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கினால், அதன் முகத்தில் சமையல் எண்ணெயோ மெழுகோ தடவுங்கள், வழுக்கிக்கொண்டு விழும்.

உடுப்பு அடுக்கடுக்காக இருக்கட்டும். உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டாம், வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து குளிரை ஏற்றும். கம்பளியோ செயற்கை இழைத் துணியோ போடுங்கள். ஐந்து நிமிடத்தில் சூடேறும் என்பதால் கிளம்பும்போது லேசாகக் குளிர்கிற மாதிரி இருப்பதே சரியான அளவு. காலணிக்கு அடியில் மாட்டும் முள்தகடு இருந்தால் கட்டாயம் மாட்டுங்கள். அடுத்தவர் வாசலில் எங்கே ஐஸ் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

எந்த வரிசையில் தள்ளுவது

கதவிலிருந்து தொடங்குங்கள். முதலில் படிகள், மேல் படியிலிருந்து கீழே. பிறகு கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனியைத் தட்டிவிடுங்கள். வயதானவர் பிடிக்கப் போவது அதைத்தான். அப்புறம் கதவிலிருந்து தெருவரை நடைபாதை. இது முடிந்துவிட்டால், மீதியைத் தள்ள முடியாமல் போனாலும் வீட்டுக்குள் இருப்பவர் வெளியே வரலாம், ஆம்புலன்ஸ் ஆட்கள் உள்ளே போகலாம்.

அடுத்து வீட்டுச் சுவரை ஒரு சுற்றுப் பாருங்கள். ஹீட்டரின் புகை வெளியேறும் குழாய் பல வீடுகளில் பக்கச் சுவரில், தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில்தான் இருக்கும். அது பனியால் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குழாயைச் சுற்றி உள்ள பனியைக் கையால் விலக்குங்கள், ஷவலால் இடிக்காதீர்கள். காரின் புகைக்குழாயும் அப்படித்தான். அது புதைந்திருக்கும்போது எஞ்சினைப் போட்டுவிட்டு யாராவது உள்ளே சூடாக உட்கார்ந்தால் உயிருக்கே ஆபத்து. முதலில் புகைக்குழாய், பிறகுதான் எஞ்சின். பக்கத்தில் தீயணைப்புக் குழாய் இருந்தால் அதைச் சுற்றி 1 மீட்டருக்குப் பனியை எடுத்துவிடுங்கள்.

கார் மேலே இருக்கும் பனியைத் தட்டிய பிறகே டிரைவ்வேயைத் தொடுங்கள். இல்லையென்றால் தள்ளிய இடத்தையே மறுபடி தள்ள வேண்டும்.

டிரைவ்வேயில் நடுவில் ஒரு தடம் போட்டுக்கொண்டு, அங்கிருந்து இரண்டு ஓரத்துக்கும் தள்ளுவது குறைந்த தூரம். காற்று அடித்தால் காற்று போகும் பக்கமே போடுங்கள். சரிவு எந்தப் பக்கம் என்று பார்த்துக் குவியலைத் தாழ்வான பக்கத்தில் வையுங்கள். மேட்டுப் பக்கம் குவித்தால் மதியம் உருகும் தண்ணீர் டிரைவ்வே வழியாக ஓடி ராத்திரியில் கண்ணாடி மாதிரி உறையும். முதல் பனிக்கே குவியலை ஓரத்திலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள், குளிர்காலம் முழுக்க வரப்போகும் பனிக்கும் இடம் வேண்டும். தெருவில் கொட்டவே கொட்டாதீர்கள். பல ஊர்களில் அபராதம் உண்டு, அதைவிட முக்கியம், வண்டி சறுக்கும்.

முதுகு தப்பிக்க

தள்ள முடிந்த இடத்தில் தூக்காதீர்கள். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துக் காலின் பலத்தில் எழுந்திருங்கள். ஒரு கை கைப்பிடியின் நுனியில், இன்னொரு கை ஷவல் முகத்துக்கு அருகில். பாரம் உடம்பை ஒட்டி இருக்கட்டும். தூக்கியதும் இடுப்பைத் திருகித் தோளுக்குப் பின்னால் வீசுவதுதான் முதுகைப் பிடிக்க வைக்கும் அசைவு. கொட்ட வேண்டிய பக்கம் பாதத்தைத் திருப்பி, இரண்டு அடி நடந்துபோய்க் கொட்டுங்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

தொடங்கும் முன் ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடேற்றுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை நில்லுங்கள், தண்ணீர் குடியுங்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் வியர்த்துக்கொண்டுதான் இருக்கும். 30 செ.மீ. பனி வரும் என்று சொன்னால் நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம். பத்து பத்து செ.மீ. ஆக மூன்று தடவை தள்ளுவது மொத்தமாக ஒரே தடவை தள்ளுவதைவிட உடம்புக்கு எவ்வளவோ மேல். காத்திருந்து குவிந்துவிட்டால் மேலிருந்து அடுக்கடுக்காக எடுங்கள்.

தெரு முனையில் நிற்கும் அந்தச் சுவர்

எல்லாம் முடிந்து உள்ளே போன பிறகுதான் பனி தள்ளும் வண்டி வரும். தெருப் பனியை வழித்து டிரைவ்வே வாயில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பு கட்டிவிட்டுப் போகும். இதுதான் இருப்பதிலேயே கனமான பனி. தெருவில் அமுங்கி, உப்பில் ஊறி, கட்டி கட்டியாகக் கிடக்கும். சில மணி நேரத்தில் இறுகிவிடும். வயதானவர்கள் முடியாமல் கைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முழு டிரைவ்வேயையும் தள்ளிக் கொடுக்க உங்களுக்கு நேரமில்லை என்றால், இந்த வரப்பை மட்டும் எடுத்துக் கொடுங்கள். மீதியை அவர்களே மெதுவாகப் பார்த்துக்கொள்வார்கள்.

இதைக் குறைக்க ஒரு வழி உண்டு. வண்டி எந்தத் திசையிலிருந்து வருமோ, அந்தப் பக்கம், டிரைவ்வேக்கு முன்னால் சாலையோரத்தில் ஒரு கார் நிற்கும் அளவு இடத்தைத் தள்ளி ஒரு பள்ளம் மாதிரி காலியாக வையுங்கள். வண்டி வழித்து வரும் பனியில் பெரும்பகுதி அந்தக் காலி இடத்தில் விழுந்துவிடும். டிரைவ்வே வாயிலிருந்து எடுக்கும் பனியை வண்டி போகும் பக்கம், அதாவது வாயைத் தாண்டியுள்ள ஓரத்தில் குவியுங்கள். மறுபக்கம் குவித்தால் வண்டி அதையும் இழுத்துவந்து வாயிலேயே போடும். வரப்பு முழுக்க மறையாது, ஆனால் பாதிக்கு மேல் குறைவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஐஸும் உப்பும்

உப்பு பனியைத் தின்னும் மருந்து என்று நினைத்து 15 செ.மீ. பனி மேல் மூட்டையைக் கவிழ்ப்பவர்கள் உண்டு. அது வீண். உப்பின் வேலை ஐஸுக்கும் தரைக்கும் இடையிலுள்ள பிடியை விடுவிப்பது. முதலில் தள்ளுங்கள், மீதமாகும் மெல்லிய படலத்துக்கு உப்புப் போடுங்கள், பதினைந்து இருபது நிமிடம் விடுங்கள், இளகியதும் மறுபடி ஷவலால் வழித்துவிடுங்கள். மழை உறையப் போகிறது என்று தெரிந்தால் முன்னாலேயே கொஞ்சம் தூவிவிடலாம், ஐஸ் தரையைப் பிடிக்காது.

சாதாரணக் கல் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே போனால் மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். மெக்னீசியம் குளோரைடு மைனஸ் 15 வரை தாங்கும். கால்சியம் குளோரைடு மைனஸ் 25இலும் உருக்கும், கரையும்போது அதுவே வெப்பத்தை வெளிவிடுகிறது. கடுங்குளிரில் கல் உப்பை அள்ளி அள்ளிப் போடுவதில் பயனில்லை. அன்றைக்கு மணலைத் தூவுங்கள். மணல் எதையும் உருக்காது, ஆனால் காலுக்கும் டயருக்கும் பிடி கொடுக்கும்.

அளவு ரொம்ப முக்கியம். ஒரு காபிக் கோப்பை நிறைய, சுமார் 350 கிராம் உப்பு, 6 மீட்டர் நீள டிரைவ்வேக்குப் போதும். ஒரு உப்புக் கல்லுக்கும் அடுத்த உப்புக் கல்லுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல்கடை இடைவெளி இருக்கும்படி வீசுங்கள். கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி கையை வீசினால் அந்த இடைவெளி தானாக வரும். தரை காய்ந்த பிறகும் உப்புக் கல் அங்கங்கே கிடந்தால் அதிகம் போட்டிருக்கிறீர்கள், கூட்டி எடுத்து அடுத்த முறைக்கு வையுங்கள். மீதி உப்பு எங்கும் மறைவதில்லை. செடியின் வேருக்கும், ஓடைக்கும், கிணற்றுக்கும் போய்ச் சேரும். நாயின் பாதத்தில் ஒட்டி எரிச்சல் கொடுக்கும், அது நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். நாய் உள்ள வீட்டில் பாதங்களைத் துடைத்துவிடச் சொல்லுங்கள்.

கான்கிரீட் போட்டு ஒரு வருடம் ஆகாத டிரைவ்வேயில் உப்பே வேண்டாம். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரிகிறது. உப்பு உருக்கிவிட்ட தண்ணீர் துளைகளில் இறங்கி மறுபடி உறைந்து மேல்தோலை உரித்துவிடும். அங்கே மணல் மட்டும்.

வெந்நீர் ஊற்றாதீர்கள். ஒரு நிமிடம் உருகின மாதிரி இருக்கும், அப்புறம் இன்னும் வழவழப்பாக உறையும்.

ஸ்னோ ப்ளோயர் வைத்திருப்பவர்களுக்கு

பனியை அள்ளித் தூர வீசும் இந்த மெஷின் ஒன்று இருந்தால் ஒரே காலையில் நாலைந்து வீட்டை முடித்துவிடலாம். ஆனால் பனி அடைத்துக்கொண்டால் மெஷினுக்குள் கையை விடவே விடாதீர்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் உள்ளே பிளேடில் விசை தேங்கி நிற்கும், அடைப்பை எடுத்த நொடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். விரல்களை இழந்தவர்கள் பலர் இழந்தது இப்படித்தான். எஞ்சினை நிறுத்துங்கள், எல்லாம் அடங்கும்வரை நில்லுங்கள், அதற்கென்று வரும் கட்டையால் குத்தி எடுங்கள். கையுறை போட்ட கையும் கைதான்.

அடுத்தவர் டிரைவ்வேயில் இறங்கும் முன் ஒரு முறை நடந்து பாருங்கள். பனிக்கடியில் நாளிதழ், கால்மிதியடி, தோட்டக் குழாய், பிள்ளைகளின் பொம்மை எதுவும் இருக்கலாம். சரளைத் தரை என்றால் மெஷினின் அடியிலுள்ள சறுக்குத் தகட்டை இறக்கி, முன்பகுதியைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள், இல்லையென்றால் கல் பறந்துபோய் ஜன்னலை உடைக்கும். வீசும் வாயை ஆள், கார், கண்ணாடி இருக்கும் பக்கம் திருப்பாதீர்கள். கராஜுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள்.

கூரைப் பனியையும் தொங்கும் ஐஸ் ஈட்டிகளையும் தொடாதீர்கள். உறைந்த தரையில் ஏணி நிற்காது. ஈட்டிகளுக்கு நேர் கீழே பாதை போகாதபடி கொஞ்சம் விலக்கித் தடம் போடுங்கள், அது போதும்.

தள்ளிய பிறகு

சாயங்காலம் இருட்டும் முன் ஒரு முறை எட்டிப் பாருங்கள். மதிய வெயிலில் உருகியது உறையத் தொடங்குவது அந்த நேரத்தில்தான். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய் நடைபாதைப் பக்கம் திரும்பியிருந்தால், அதுதான் தினமும் ஐஸ் கட்டும் இடம். வாயை வேறு பக்கம் திருப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மூடி உள்ள ஒரு சின்ன டப்பாவில் உப்பும் மணலும் கலந்து அவர் கதவுக்கு உள்ளே, குனியாமல் கை எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். வெளியே அடி வைக்கும் முன் அவரே ஒரு பிடி தூவிக்கொள்வார்.

நீங்கள் ஊருக்குப் போகும் நாளில் யார் பார்ப்பது என்று பக்கத்தில் இன்னொருவரிடம் பேசி வையுங்கள். காசு கொடுக்க வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நான் வாங்குவதில்லை, ஆனால் குடிக்கச் சூடாக ஏதாவது கொடுத்தால் மறுப்பதும் இல்லை. உள்ளே போய் உட்காரும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஹீட்டர் சரியாக எரியவில்லை, மருந்து தீர்ந்துபோச்சு என்பதெல்லாம் தெரிய வரும்.

பனிக்காலம் முடிந்து தரை தெரிந்ததும் இன்னொரு நாள் போங்கள். ஓரங்களில் நட்ட குச்சிகளைப் பிடுங்கி, தூவிய மணலைக் கூட்டி அள்ளி, டிரைவ்வே ஓரத்துப் புல்லில் நன்றாகத் தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைத்துவிடுங்கள். குச்சிகளை அவர் வீட்டுக் கராஜிலேயே கட்டி வைத்தால் அடுத்த வருடம் தேட வேண்டியதில்லை.